யாளி வாசலில் பொன்னரளி

ஓசூர்
9.6.2025

அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். வாட்ஸப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். மாமாவுக்குப் போட்டால், "உங்கக்கா தோப்புல இருக்குதுப்பா, வந்தா சொல்றேன்" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். பரீட்சை எழுதிய காலத்துக்குப் பிறகு நான் இவ்வளவு நேரம் பேனா பிடித்ததில்லை. கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று நீ பாதியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனாயே, அதற்குப் பிறகு தங்கதுரையும் சுப்ரியாவும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர்களும் கிளம்பிவிட்டார்கள். கேரம் போர்டைத் திருப்பிப் போட்டு நான் வரைந்த பன்னிரண்டாம் கோட்டை அப்படியே கிடக்கிறது. வாசலில் கல் யாளி நிற்கிறது. அதன் எதிரில் நம் ஆட்டத்தில் உன் ஆளான பொன்னரளி. அவளுக்குப் பின்னால் இவர்கள் இருவரின் ஆட்களும் அடிபட்டுக் கிடக்கிறார்கள். நீ வந்து டைஸ் உருட்டினால்தான் இனி யாரும் அசைய முடியும்.

என் மேல் உனக்குக் கோபம் என்று தெரியும். என் பக்கத்தையும் கேள். இந்த ஆட்டத்தில் நான் கதை சொல்கிறேன், எதிரிகளை நடத்துகிறேன். நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பாத்திரமாகக் கதைக்குள் நடமாடுகிறீர்கள். நடக்கும்போதும் பேசும்போதும் ஒரு குறையும் இல்லை. சண்டை என்று வந்துவிட்டால் வரிசையாக ஒவ்வொருவருக்கும் சான்ஸ் வரவேண்டும், அந்த இருபது முக டைஸை உருட்டவேண்டும், அங்கேதான் வண்டி படுத்துவிடுகிறது. கதைக்குள் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற சண்டையை நாம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக ஆடிக்கொண்டிருக்கிறோம்! உன் சான்ஸ் வந்தால் நீ வரைபடத்தைப் பார்க்கிறாய். பொன்னரளியின் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறாய். யாளியின் வால் எவ்வளவு நீளம் என்று என்னைக் கேட்கிறாய். மறுபடி வரைபடம். அதற்குள் சுப்ரியா போனில் புடவை பார்க்க ஆரம்பித்துவிடுகிறாள். தங்கதுரை நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வருகிறவன், உட்கார்ந்தபடியே சாமியாடுகிறான்.

பிளான்ட்டில் என் வேலையே இதுதான். லைன் பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாட்ச்சையும் ஒரு பஸ்ஸரையும் மேஜைக்குக் கொண்டுவந்தேன். பஸ்ஸர் அடிப்பதற்குள் ஆடாவிட்டால் சான்ஸ் போய்விடும். எல்லோருக்கும் ஒரே சட்டம், உனக்கென்று தனியாக வைக்கவில்லை.

மற்ற விஷயம், நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். சொன்ன இடம் சரியில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டாம் தேதி அடுத்த ஆட்டம். வந்துவிடு.

மாதேஷ்


வேப்பனப்பள்ளி
13.6.2025

மாதேஷுக்கு,

போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ "அதில்லக்கா, அதில்லக்கா" என்று நடுவில் புகுந்துவிடுவாய். காகிதத்தில் நான் எழுதி முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்கவேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. இனி கடிதம்தான்.

"மற்ற விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். எழுதக் கை கூசியதோ? நாலு பேர் எதிரில் சொல்ல வாய் கூசவில்லையே. நானே எழுதுகிறேன். "ஏங்க்கா, கள்ளாட்டம் ஆடறியா?" இதுதான் நீ கேட்டது. நான் ஏதாவது பதில் சொல்வதற்குள், "சான்ஸ் போச்சு, அடுத்து தங்கதுரை" என்றாய்.

நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. வாசலின் சங்கிலியை அறுத்து, கல் கதவை யாளியின் தலையில் விழவைப்பது என்று நான் முடிவு செய்தேன். பன்னிரண்டுக்குக் குறையாமல் விழவேண்டும் என்றாய். உருட்டினேன். டைஸ் தாம்பாளத்தின் விளிம்பில் ஏறிச் சாய்ந்து நின்றுவிட்டது, எந்த முகம் மேலே என்று சொல்லமுடியாமல். சாய்ந்த டைஸ் செல்லாது, எடுத்து மறுபடி உருட்டவேண்டும் என்பது நம் மேஜையின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவனே நீதான். முன்பெல்லாம் டைஸ் சாய்ந்தால் எல்லோரும் தலையை நீட்டிப் பார்ப்போம், தங்கதுரை "செல்லாது, செல்லாது" என்று கத்துவான், சிரிப்போம். உன் பஸ்ஸர் வந்த பிறகு யாருக்கும் தலை நீட்ட நேரமில்லை. நான் எடுக்கக் கை வைத்தேன். விரல் பட்டதும் அது கவிழ்ந்து பதினெட்டு என்று படுத்தது. அதே நேரம் பஸ்ஸர். அப்போதுதான் நீ நிமிர்ந்தாய். என் விரலையும் பதினெட்டையும் பார்த்தாய்.

உருட்டியபோது உன் கண் டைஸ் மேல் இல்லை மாதேஷ், வாட்ச் மேல் இருந்தது. பார்த்ததாக எழுதாதே.

இங்கே நான் என்ன பாடுபட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். "கண்ணாலமான பொம்பள பஸ்ஸேறிப் போயி சோழி உருட்டறாளாம்" என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அதற்கெல்லாம் காது கொடுக்காமல் கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்து நின்றதும், "அதுக்குள்ள வந்துட்டியா?" என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். தம்பி என்னைக் கள்ளி என்றான் என்று எப்படிச் சொல்வேன்?

நான் வரமாட்டேன்.

மேகலா


ஓசூர்
16.6.2025

அக்காவுக்கு,

தங்கதுரையையும் சுப்ரியாவையும் தனித்தனியாகக் கேட்டேன். நான் ஒன்றும் எடுத்துக்கொடுக்கவில்லை. சுப்ரியா அந்த நேரம் பார்க்கவில்லையாம். தங்கதுரை தலையைச் சொறிந்துகொண்டு, "சாஞ்சு கெடந்த மாதிரிதான் இருந்துச்சு, ஆனா சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணமாட்டேன் பாத்துக்கிடுங்க" என்றான். இவ்வளவுதான் சாட்சி.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் எழுதவில்லை. ஆனால் உன் விரலுக்கடியில் பதினெட்டைப் பார்த்தேன் என்பதும் நிஜம். பார்க்கவில்லை என்று உன்னைச் சமாதானம் செய்வதற்காக எழுதினால் அது உனக்கே பிடிக்காது.

எதற்கு இவ்வளவு அவசரப்பட்டேன் என்று நீ கேட்கவே இல்லை. சுப்ரியா ஜூலை கடைசியில் சென்னைக்குப் போகிறாள். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலையை அங்கே மாற்றிக்கொண்டுவிட்டாள். உனக்கும் தங்கதுரைக்கும் சொல்லவேண்டாம், ஆட்டம் சோகமாகிவிடும் என்று கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு கோட்டையையும் ஜெயித்துவிட்டுப் போகவேண்டும் என்பது அவள் ஆசை. நீ ஒரு கதவைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தாய், நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் போய்விட்டால் மேஜையில் மிஞ்சுவது யார்? நீயும் தங்கதுரையும். இரண்டு பேரை வைத்து எத்தனை நாள் ஓட்டமுடியும்?

ஒரு வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வா. எல்லோர் எதிரிலும், தாம்பாளத்தின் நடுவில், மறுபடி ஒருமுறை உருட்டு. என்ன விழுகிறதோ அதுவே முடிவு. பழைய பேச்சு யாரும் பேசவேண்டாம்.

மாதேஷ்


வேப்பனப்பள்ளி
20.6.2025

மாதேஷுக்கு,

எல்லோர் எதிரிலும் உருட்ட வேண்டுமாம். ஆறு கண் என் விரலையே பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் நிஜமாகவே யோக்கியமா என்று சோதிக்க வேண்டுமாம். தீக்குளிக்க வேறு ஆளைப் பார்.

சுப்ரியா விஷயம் கேட்டுக் கஷ்டமாக இருந்தது. என்னிடம் சொல்லியிருந்தால் நானே வேகமாக ஆடியிருப்பேன். பஸ்ஸர் வாங்கத் தோன்றிய உனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது தோப்பில் கிளிமூக்கு மாங்காய் அறுவடை. மாங்கூழ் ஃபேக்டரி லாரி வந்து ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். டிரைவர் ஒரு பக்கம், "பேகி பேகி" என்று அவசரப்படுத்திக்கொண்டு அவன் கூட வந்த கன்னடக்காரப் பையன் ஒரு பக்கம், கூலியாட்களுக்குச் சோறு இன்னும் வரவில்லை என்று உன் மாமா ஒரு பக்கம். எந்தக் காயைத் தள்ளுவது, எதைச் சேர்ப்பது என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே முடிவும் செய்துவிடுவார்கள். வீட்டிலும் இதே கதைதான். என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டே அத்தை புளியைக் கரைத்துவிடுவார்.

நம் மேஜையில் மட்டும்தான், "அக்கா, உன் சான்ஸ்" என்று சொல்லிவிட்டு நீங்கள் மூன்று பேரும் காத்திருப்பீர்கள். என்ன செய்யலாம் என்று நான் யோசிப்பேன். இதைச் செய்தால் என்ன ஆகும், அதைச் செய்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒன்றைச் சொல்வேன். சொன்னது நடக்கும். நல்லதோ கெட்டதோ, நான் சொன்னதுதான் நடக்கும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். யாளியும் கோட்டையும் எனக்கு அப்புறம்தான்.

நீ எழுதியதில் ஒன்று உறைத்தது. சுப்ரியா புடவை பார்த்ததையும் தங்கதுரை தூங்கி விழுந்ததையும் நான் கவனித்ததே இல்லை. அடுத்தவர் ஆடும்போதே என் ஆட்டத்தை யோசித்து வைத்திருக்கலாம். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக ஆடுகிறாய் என்று நீ திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ சொன்ன வார்த்தை வேறு.

பொன்னரளியை நீயே கொன்றுவிடு. சுப்ரியா கோட்டைக்குள் போகட்டும்.

மேகலா


ஓசூர்
23.6.2025

அக்காவுக்கு,

நேற்று நீ இல்லாமல் ஆடினோம். யாளியைத் தொடவில்லை, பக்கத்து மதிலில் காவல்காரர்களோடு ஒரு சிறு சண்டை வைத்தேன். பஸ்ஸர் வைத்து ஆடினோம். யாரும் யோசிக்கவில்லை, அடி, அடி என்று சொல்லிக்கொண்டே போனார்கள். டீ ஆறுவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது தங்கதுரை, "இப்ப ஜெயிச்சது நாமளா அவனுவளா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை அக்கா, நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. சுப்ரியா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மேகலாக்கா இருந்தா அந்த மதில் எதுக்குக் கட்டினதுன்னு கேட்டிருப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு யாருக்கும் ஆட மனமில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகு அந்த எட்டாம் தேதியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். நீ டைஸைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் வாட்ச்சில் முள் ஓடியது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் உன் விரல். நடுவில் டைஸ் உருண்டது என் ஞாபகத்தில் இல்லவே இல்லை. நான் பார்க்கவில்லை அக்கா. பார்த்ததாக நினைத்து உன்னைக் கள்ளி என்றேன். என்னை மன்னித்துவிடு. இதைத் தங்கதுரையிடமும் சுப்ரியாவிடமும் இன்று போனில் சொல்லிவிட்டேன்.

பொன்னரளியை நான் கொல்லமாட்டேன். அவள் உன் ஆள்.

நீ விட்டுவிட்டுப் போன உன் பச்சை டைஸை இந்தக் கவருக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். சண்டை நீ விட்ட இடத்திலேயே நிற்கிறது. யாளி முன்னங்காலைத் தூக்கிவிட்டது. பொன்னரளி இனி ஒரு அடி தாங்கமாட்டாள். சங்கிலி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. என்ன செய்வது என்று நீ முடிவு செய். வீட்டிலேயே உருட்டு. பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் நீ நினைத்தது நடக்கும், எல்லோரும் பிழைப்பார்கள். குறைந்தால் பொன்னரளி அங்கேயே முடிந்தாள். மற்ற இருவரும் அவள் சாகிற நேரத்தில் தவழ்ந்து உள்ளே போய்விடலாம், அவ்வளவுதான் நான் தரமுடிந்தது.

யாரும் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டாம். நீ எழுதுகிற எண்தான் எண். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

மாதேஷ்


ஓசூர்
7.7.2025

அக்காவுக்கு,

டைஸ் வந்து சேர்ந்ததா? தபாலில் தொலைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று மூன்று பேரும் கூடினோம். ஆடவில்லை. சுப்ரியா தட்டைவடை செய்து கொண்டுவந்திருந்தாள். கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்து தின்றுகொண்டே பொன்னரளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சங்கிலியைத்தான் அறுப்பாள் என்கிறான் தங்கதுரை. இல்லை, யாளியின் வயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடிவிடுவாள் என்கிறாள் சுப்ரியா. ஒருவரும் போனை எடுத்துப் பார்க்கவில்லை.

எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்று எழுதியவன் நான்தான். அவசரப்படுத்தவில்லை. ஆனால் இருபதாம் தேதிதான் சுப்ரியாவுக்குக் கடைசி ஆட்டம். அதற்குள் ஒரு வரி வந்தால் போதும். நீ உருட்டமாட்டேன் என்றாலும் சரி, அதையாவது எழுது. தினமும் கேட் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

மாதேஷ்


வேப்பனப்பள்ளி
15.7.2025

மாதேஷுக்கு,

டைஸ் பத்திரமாக வந்தது. வந்த அன்றைக்கே உருட்டியிருக்கலாம். முடியவில்லை. சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாளியின் வயிற்றுக்கடியில் புகுந்து ஓடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஓடினால் பொன்னரளி பிழைக்கலாம், பின்னால் கிடக்கிற இருவரையும் யாளி மிதித்துவிடும். கோட்டை வாசலைத் திறந்துவிட்டுப் பின்வாங்கலாமா என்றும் பார்த்தேன். எப்படிப் புரட்டினாலும் சங்கிலிதான். நீ சொன்ன மன்னிப்பையும் இப்படித்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். போன வாரம்தான் மனது ஆறியது.

இன்று மதியம் ஷெட்டில் கடைசி லோடு கட்டிக்கொண்டிருந்தோம். வெளியே லாரிக்காரன் வழக்கம்போல ஹாரன் அடித்தான். "கொஞ்சம் இரு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் அன்னக்கூடைத் தட்டை வைத்தேன். உன் மாமா, "என்னா பண்ற?" என்றார். அத்தையும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். நான் சொன்னேன், இந்த மாதிரி ஒரு யாளி, ஒரு சங்கிலி, பன்னிரண்டு விழவேண்டும். அவர்கள் சிரிக்கவில்லை. லாரி டிரைவர்கூட இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

உருட்டினேன். தட்டின் நடுவிலேயே நின்றது. நாலு.

"நாலுன்னா என்னா ஆவும்?" என்று அத்தை கேட்டார்.

"செத்துருவா அத்தை."

"அய்யோ! யாரு?"

"நாந்தான். பொன்னரளி."

உன் மாமாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, பதினெட்டுன்னு எழுதிப் போடு. யாரு பாக்கப் போறாங்க? அவன்தான் நீ எழுதறதை ஒத்துக்கறேன்னு சொல்லிட்டானே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எழுதலாமா என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது, உன்னிடம் மறைக்கவில்லை. நாலு வருடமாக என்னோடு இருந்தவள். ஓடிப்போகத் தெரியாதவள். உருட்டியது நான், பார்த்ததும் நான். நாலு என்று எழுதுகிறேன்.

கையெழுத்து நனைந்திருந்தால் மாங்காய்ப் பால் என்று நினைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன். "போயி அவளுக்கு என்னா ஆச்சுன்னு கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார். சங்கிலி அறுபடவில்லை, யாளி கால் இறங்குகிறது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை நீதான் சொல்லவேண்டும். தங்கதுரையைத் தூங்கிவிட்டு வரச்சொல். சுப்ரியா என் பக்கத்தில் உட்காரட்டும். வாட்ச்சை மேஜைக்குக் கொண்டுவராதே. பொன்னரளி சாவதை என் எதிரில், நிதானமாகச் சொல்.

அக்கா
மேகலா